ஒரு பல்லுக்கென்று ஒரு வார்ப்பு



சொத்தைப் பல்லை அடைக்கப்போன ஒருவரிடம் பல் மருத்துவர், "இன்றைக்கு அளவு எடுத்துக்கொள்ளுகிறோம், பத்து நாள் கழித்து வாருங்கள், வைத்துவிடலாம்" என்று சொல்லுகிறார். வீட்டுக்குத் திரும்புகிறவருடைய மனதில் இரண்டு கேள்விகள் எழும்புகின்றன. ஒரு பல்லை அடைப்பதற்கு இரண்டு முறை எதற்கு? சாதாரண அடைப்பைவிட இதற்குப் பல மடங்கு செலவாவது ஏன்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காததால் சிலர் இரண்டாம் முறை போகாமலே இருந்துவிடுகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை அதனாலேயே இழந்தும் போகிறார்கள். ஆகையால், வாய்க்கு வெளியே செய்யப்பட்டுப் பின்பு பல்லில் பதிக்கப்படும் அடைப்புகள் எவ்விதம் உருவாகின்றன என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகக் கவனிப்போம்.

1. அடைப்பில் இரு வகை

நம் உடலில் தோல் கிழிந்தால் மூடிக்கொள்ளும். எலும்பு முறிந்தால் கூடிக்கொள்ளும். பல்லின் மேலுறையாகிய எனாமலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். ஆனால் அதற்குள் உயிரணுக்கள் இல்லாததால், குழி விழுந்த இடத்தை அது தானாக நிரப்பிக்கொள்ள முடியாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் எனாமலைவிட மென்மையானது. சொத்தை அங்கே எட்டினால் வேகமாகப் பரவி, நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள நடுப்பகுதியை நோக்கிப் போகும். ஆகவே கெட்டுப்போன பகுதியை அகற்றி, அந்த இடத்தை வேறு பொருளால் நிரப்பவேண்டியிருக்கிறது.

அப்படி நிரப்புவதில் இரண்டு வழிகள் உண்டு. மென்மையாக இருக்கும் பொருளை நேரடியாகக் குழிக்குள் வைத்து, அங்கேயே இறுகச் செய்வது ஒரு வழி. பாதரசக் கலவை அடைப்பும், பல்லின் நிறத்திலேயே இருக்கும் பிசின் அடைப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. இது ஒரே நாளில் முடிந்துவிடும். சிறிய குழிக்கு இதுவே போதும்; இதுவே நல்லதும்கூட.

குழி பெரிதாகிவிட்டால் நிலைமை மாறுகிறது. சுற்றியுள்ள பல்லின் சுவர்கள் மெலிந்துவிடுகின்றன. பிசின் அடைப்பு இறுகும்போது சற்றுச் சுருங்கும்; அடைப்பு பெரிதாக இருந்தால் அந்தச் சுருக்கம் மெலிந்த சுவர்களைப் பிடித்து இழுக்கும், அல்லது ஓரத்தில் இடைவெளி விடும். பாதரசக் கலவை குழியை நிரப்புமேயன்றி, மெலிந்த சுவர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளாது. ஒருநாள் கடினமானதொன்றைக் கடிக்கையில் சுவர் பிளந்துவிடும். இப்படிப்பட்ட பல்லுக்குத்தான் இரண்டாவது வழி தேவைப்படுகிறது. குழியின் அளவுக்கு ஏற்ற ஒரு துண்டை வெளியே செய்து, அதைக் கொண்டுவந்து பதிப்பதே அந்த வழி.

கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் மேடுகள் இருப்பதை நாம் கண்ணாடியில் பார்த்திருப்போம். அந்த மேடுகளுக்கு நடுவில் மட்டும் பொருந்தும் துண்டுக்கு இன்லே என்று பெயர். மேடுகளில் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து மூடினால் அது ஆன்லே. பல்லையே சுற்றி மூடினால், எல்லாரும் அறிந்த 'கேப்'. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செய்யப்படும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. இங்கே இன்லேயை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

2. குடமும் டம்ளரும்

முதல் வேலை பல்லைத் தயார் செய்வது. நம் வீட்டுப் பாத்திரங்களைக்கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம். குடத்துக்கு வாய் சிறியது, வயிறு பெரியது. பாதரசக் கலவைக்கு வெட்டப்படும் குழி ஏறக்குறைய குடத்தைப்போன்றது. மென்மையாக உள்ளே போன கலவை அங்கே இறுகியபின் சிறிய வாய் வழியாக வெளியே வர முடியாது. அதனால் அது நிலைத்திருக்கிறது.

இன்லேயோ ஏற்கெனவே இறுகிய துண்டு. அதைக் குடத்துக்குள் செலுத்த முடியாது. அதற்கான குழி டம்ளரைப்போல, அடியில் சற்றுக் குறுகி மேலே சற்று விரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் டம்ளருக்குள் டம்ளர் இறங்குவதுபோல அது நேராக இறங்கும். அதிகமாக விரிந்துவிட்டால் பிடிமானம் போய்விடும். இறங்கிய துண்டு எளிதில் கழன்றுவிடும். பொன் இன்லேக்கு ஒவ்வொரு சுவரும் சில டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கலாம். ஈரமும் நாக்கும் கன்னமும் நிறைந்த வாய்க்குள், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் இந்தச் சாய்வைக் கையால் கொண்டுவருகிறார். நாற்காலியில் அவர் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.

3. அளவு எடுத்தல்

குழி தயாரானதும் அளவு எடுக்கப்படுகிறது. ஒரு தட்டில் பசைபோன்ற பொருளை நிரப்பிப் பற்களின்மேல் அழுத்தி, இறுகியபின் எடுத்தால், பல்லின் உருவம் அதில் பதிந்திருக்கும்.

இதற்குப் பயன்படும் பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் பயன்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோனதால், வேறு வகைக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் பரவலாயிற்று. ஆல்ஜினேட் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. விலை குறைவு, ஆனால் அது நீரை இழந்து சீக்கிரம் சுருங்கிவிடும். இன்லே போன்ற நுட்பமான வேலைக்கு இப்போது பெரும்பாலும் சிலிக்கோன் பயன்படுகிறது. அதில் ஒரு வகை, எடுத்த அளவைப் பல நாட்கள் மாறாமல் காத்துக்கொள்ளும். தொலைவில் இருக்கும் பல் லேபுக்கு அனுப்பினாலும் கெடாது. அந்தச் சிலிக்கோனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ரப்பர் கையுறையில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டால் அது சரியாக இறுகாது. ஆகவே அதைக் கையாளும்போது எந்தக் கையுறை அணிவது என்பதும் கவனிக்கவேண்டிய காரியமாகிறது.

எதிர் வரிசைப் பற்களுக்கும் அளவு எடுக்கப்படும். வாயை மூடிக் கடிக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே சந்திக்கின்றன என்பதும் பதிவு செய்யப்படும். இவை இல்லாவிட்டால் துண்டு குழிக்குப் பொருந்தும். ஆனால் கடிக்கும்போது இடிக்கும்.

4. இடைநாட்களுக்கான அடைப்பு

அளவு எடுத்தபின் குழியைத் திறந்தபடியே விட்டு அனுப்பமாட்டார்கள். தற்காலிக அடைப்பு ஒன்று வைக்கப்படும். சிலருக்கு அதில் கிராம்பு வாசனை தெரியும். கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளாகிய யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் கலந்து செய்யும் பசை அது. பல் கூச்சத்தைத் தணிக்கும். ஆனால் பிசின் வகைச் சிமெண்டு இறுகுவதை யூஜினால் தடுக்கும். எனவே பீங்கான் துண்டை அவ்வகைச் சிமெண்டால் ஒட்டுவதாக இருந்தால், யூஜினால் இல்லாத அடைப்பையே மருத்துவர் தேர்ந்துகொள்வார்.

இந்த அடைப்பு சில வாரங்களுக்கு என்றே வைக்கப்படுவது. நாளடைவில் அது தேய்ந்துபோகும். ஓரங்களில் உமிழ்நீர் கசியும். அது விழுந்துவிட்டால், வெட்டப்பட்ட டென்டின் திறந்துகிடக்கும். பக்கத்துப் பல் மெல்லச் சாய்ந்து வரும். எதிர்ப்பல் குழியை நோக்கி நீண்டு வரும். அளவு எடுத்தபோது இருந்த வாய் இப்போது வேறாகிவிட்டது. லேபில் செய்துவைத்திருக்கும் துண்டு அதில் இறங்காது. இதை மனதில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பவேண்டியிருக்கிறது.

5. மெழுகு இருந்த இடத்தில் பொன்

எடுத்த அளவு லேபுக்குப் போகிறது. நோயாளி காணாத கைகள் அங்கே வேலை செய்கின்றன. சிலிக்கோன் அச்சுக்குள் கடினமான ஜிப்சம் கலவையை ஊற்றி, பல்லின் நகலை எடுக்கிறார்கள். அந்த நகலின் குழிக்குள் மெழுகை உருக்கிச் சேர்த்து, மேடுபள்ளங்களைச் செதுக்கி, பொன்னால் செய்யவேண்டிய துண்டை முதலில் மெழுகால் செய்கிறார்கள். மெழுகு வெப்பத்துக்கு எளிதில் இணங்கும். சும்மா வைத்திருந்தாலும் மெல்ல உருமாறும். ஆகவே செதுக்கி முடித்ததைத் தாமதமின்றி அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த படி நம் நாட்டாருக்குப் புதிதல்ல. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள். பின்பு சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சில் ஒரே உருவம்தான் கிடைக்கும். பல் லேபில் நடப்பதும் இதே முறைதான். வண்டல் மண்ணுக்குப் பதிலாக ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த மாவு. ஆளுயரச் சிலைக்குப் பதிலாக விரல் நுனியில் நிற்கும் ஒரு துண்டு.

பழமையான இந்த முறை பல் மருத்துவத்தில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதுவரை பொன்னால் அடைக்க விரும்பினால், தங்க ரேக்கைத் துண்டு துண்டாகக் குழிக்குள் வைத்துத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். மருத்துவருக்கும் நோயாளிக்கும் அது நீண்ட சோதனை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட், உருகிய பொன்னை வாயு அழுத்தத்தால் அச்சுக்குள் செலுத்தும் முறையை 1907 ஜனவரியில் நியூயார்க்கில் தம் தொழிலினர் கூட்டத்தில் விளக்கிக் காட்டினார். அது வேகமாகப் பரவிற்று. அதற்கு அவர் காப்புரிமை பெற்று, பயன்படுத்தியவர்கள்மேல் வழக்கும் தொடர்ந்தார். ஆனால் அயோவா மாநிலத்தில் பிலிப்ரூக் என்ற பல் மருத்துவர் 1897-லேயே இப்படிப்பட்ட முறையை விவரித்திருந்தது தெரியவந்தது. டாகர்டின் காப்புரிமை நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

6. சுருக்கத்தை முன்னறிந்து வேலை செய்தல்

முறை பரவினாலும், ஆரம்ப வார்ப்புகளில் பல சரியாகப் பொருந்தவில்லை. காரணம் எளியது. உருகிய பொன் குளிர்ந்து இறுகும்போது சுருங்குகிறது. பல் வேலைக்குப் பயன்படும் பொற்கலவைகளில் இந்தச் சுருக்கம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டில் அது 0.15 மில்லிமீட்டர், நாம் எழுதும் தாளின் கனத்தைவிட அதிகம். பல்லுக்கும் துண்டுக்கும் நடுவே சிமெண்டு நிற்கவேண்டிய இடம் இதைவிட மிகக் குறைவு. ஒட்டுவதற்கான துத்தநாக பாஸ்பேட் சிமெண்டின் படலம் 0.025 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது தரக்கட்டுப்பாடு. சுருங்கிய இன்லே குழிக்குள் ஆடும். சுருங்கிய கேப்போ பல்லின்மேல் இறங்கவே இறங்காது.

பொன்னின் சுருக்கத்தை யாராலும் தடுக்க முடியாது. அதற்கு ஈடாக அச்சைப் பெரிதாக்கினார்கள். அச்சு மாவில் கலந்துள்ள சிலிக்கா, சூடாகும்போது விரியும் தன்மையுடையது. மாவு இறுகும்போதே சற்று விரிகிறது. பின்பு அடுப்பில் ஏறத்தாழ 650 முதல் 700 டிகிரி செல்சியஸ்வரை மெதுவாகச் சூடாக்கும்போது மேலும் விரிகிறது. மெழுகு எரிந்து மறைந்து, அது இருந்த இடம், பொன் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. சூடு அதற்குமேல் போனால் ஜிப்சம் சிதைந்து, அதிலிருந்து வெளிவரும் கந்தக வாயு பொன்னைக் கெடுத்துவிடும். ஆகவே அடுப்பைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.

சூடான அச்சைச் சுழலும் கருவியில் பொருத்தி, பொன்னுடன் வெள்ளி, செம்பு முதலியன சேர்ந்த கலவையை உருக்கி, கருவியைச் சுழலவிடுகிறார்கள். சுழலும் வேகத்தில் உலோகம் மெல்லிய விளிம்புகள்வரை ஓடி நிரம்புகிறது. ஆறியபின் அச்சை உடைத்து, துண்டை எடுத்து, ஒட்டியிருந்த தண்டை வெட்டி, அமிலத்தில் சுத்தம் செய்து, நகலில் பொருத்திப் பார்த்து மெருகேற்றுகிறார்கள். பொன் இறுகிய அளவும் மெழுகு இருந்த அளவும் இப்போது ஒத்திருக்கின்றன. ஒரு பொருள் எங்கே குறைவுபடும் என்பதை முன்னதாக அறிந்து, அதற்கு ஈடானதை வேறொன்றில் வைத்தபடியால் இது கூடிற்று.

7. பீங்கானும் கணினியும்

இந்நாட்களில் பலர் பொன்னைவிடப் பல்லின் நிறத்தையே விரும்புகிறார்கள். பொன்னின் விலையும் ஏழை எளியவர்களுக்கு எட்டுவதில்லை. ஆகவே பீங்கான் இன்லே பரவியிருக்கிறது. பீங்கான் கடினமானது, ஆனால் பொன்னைப்போல வளைந்துகொடுக்காது, ஆகையால் மெல்லியதாக இருந்தால் உடையும். எனவே அதற்கான குழி சற்று ஆழமாகவும், மூலைகள் உருண்டும் இருக்க வேண்டும். அதைப் பல்லோடு ஒட்டும் முறைக்கு அடிப்படை, மைக்கேல் புவனோகோர் 1955-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. எனாமலின்மேல் அமிலத்தைச் சிறிது நேரம் தடவிக் கழுவினால் நுண்ணிய பள்ளங்கள் உண்டாகும். பிசின் அவற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும் என்று அவர் காட்டினார்.

1985 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் புதிய முறை ஒன்று முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய செரெக் கருவி அது. ஒளியால் குழியின் உருவத்தைப் பதிவு செய்து, கணினியில் துண்டை வடிவமைத்து, பீங்கான் கட்டியிலிருந்து கடைந்தெடுத்து, அன்றைக்கே பல்லில் வைத்தார்கள். இவ்வசதி உள்ள இடங்களில் இரண்டாம் முறை வரவேண்டிய தேவை இல்லை. ஆனால் கருவியின் விலை அதிகம். ஆகவே பல இடங்களில் இன்றும் லேப் வழியேதான் வேலை நடக்கிறது. கணினி வந்தபோதும் சுருக்கம் என்ற கேள்வி போய்விடவில்லை. கேப்புகளுக்குப் பயன்படும் சிர்கோனியாவை முழுவதும் சுடாத நிலையில், ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, பின்பு சூளையில் சுட்டுச் சரியான அளவுக்குச் சுருங்கச் செய்கிறார்கள்.

8. இரண்டாம் முறை

நோயாளி திரும்பி வரும்போது தற்காலிக அடைப்பு அகற்றப்படுகிறது. துண்டை ஒட்டாமலே வைத்துப் பார்க்கிறார்கள். பக்கத்துப் பல்லோடு அது தொடும் இடத்தில் நூல் சற்று இறுக்கமாக நுழையவேண்டும். தளர்வாக நுழைந்தால் உணவு சிக்கும். நுழையவே இல்லையென்றால் சுத்தம் செய்ய முடியாது. விளிம்பைக் கூரிய கருவியால் வருடி, படி எதுவும் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டியபின் நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, அதிகமாக நிறம் பதியும் இடத்தைச் சிறிது தேய்த்துச் சரிசெய்வார்கள். பீங்கான் ஒட்டாத நிலையில் எளிதில் உடையுமாதலால், கடித்துப் பார்ப்பது ஒட்டியபின்பே.

இதுவரை கண்ட படிகளைத் திரும்பிப் பார்ப்போம். கசியும் உமிழ்நீர், சுருங்கும் ஆல்ஜினேட், உருமாறும் மெழுகு, சுருங்கும் பொன் ஆகிய ஒவ்வொன்றின் குறையையும் அறிந்து, அதற்கு ஏற்ற மாற்று வழியை வகுத்திருக்கிறார்கள். செலவுக்குக் காரணமும் இதுதான். பொன்னின் விலையோடு, மருத்துவர், உதவியாளர், லேப் தொழிலாளி ஆகியோரின் நேரமும், அந்த ஒரு பல்லைத் தவிர வேறெதற்கும் உதவாத ஓர் அச்சும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆனால் நோயாளி திரும்பி வராமற்போவதற்கு மட்டும் எவராலும் ஈடுசெய்ய முடியாது. அவர் பெயர் எழுதிய சிறு பெட்டியில் துண்டு காத்திருக்கும். பல்லோ காத்திருக்காது.

9. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வேலை தொடங்குமுன் மருத்துவரிடம் தயங்காமல் மூன்று கேள்விகள் கேட்போம். என் பல்லுக்குச் சாதாரண அடைப்பு போதாதா? மொத்தச் செலவு எவ்வளவு, அதை எப்போது கட்டவேண்டும்? எத்தனை முறை வரவேண்டும்? பாதியில் நின்றுபோகும் வைத்தியங்களில் பல, இவற்றைத் தொடக்கத்தில் கேளாததால் நிற்கின்றன.

இரண்டாவது, தற்காலிக அடைப்பு இருக்கும் நாட்களில் அந்தப் பக்கமாக மிட்டாய், முறுக்கு போன்ற ஒட்டும் பொருள்களையும் கடினமானவற்றையும் மெல்லவேண்டாம். அது விழுந்துவிட்டால், வலி இல்லை என்று சும்மா இருக்காமல் உடனே தெரிவிப்போம். குறித்த நாளில் போக முடியாவிட்டால் முன்னதாகச் சொல்லி வேறு நாள் கேட்போம்.

மூன்றாவது, இன்லே பதித்துவிட்டால் அந்தப் பல்லுக்கு இனிச் சொத்தை வராது என்று எண்ணவேண்டாம். பொன்னுக்குச் சொத்தை வராது. அதைச் சூழ்ந்துள்ள பல்லுக்கு வரும். அந்த விளிம்பைக் காலையிலும் இரவிலும் சுத்தம் செய்வது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக, நம் தெருவிலும் சபையிலும் அளவு கொடுத்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் இருக்கலாம். இரண்டாம் முறை போகாததற்கு அவர் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். உண்மையான காரணம் பஸ் செலவாகவோ, துணைக்கு ஆள் இல்லாததாகவோ இருக்கலாம். "ஐயா, உங்களுக்கு என்றைக்கு வரச் சொன்னார்கள்?" என்று விசாரித்து, அந்த நாளில் அவரோடு கூடப் போய்வருவோம். அவருக்கென்று வார்த்துவைத்த துண்டு அப்போது அதற்குரிய இடத்தில் போய்ச் சேரும். அவரும் இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுவார்.